கேணிக் கரையும் நான்கு நூல்களும்

நூல்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது நம்மவரிடையே பெரும்பாலும் இருவகையாக நிகழ்ந்து வருகிறது. வெளியீட்டு விழா மேடையிலே நூலை வானளாவப் புகழ்வது ஒருவகை. விழா முடிந்து வீடு திரும்பும் வழியிலே அதே நூலைப் பற்றிச் சலித்துக்கொள்வது மற்றொருவகை. மேடையிற் சொன்னதையும் வழியிற் சொன்னதையும் ஒருங்கே வைத்து, நூலின் நிறையும் குறையும் இவை என எழுத்திலே பதிவு செய்யும் வழக்கம் நம்மிடம் அருகியே காணப்படுகின்றது. இதனால் நட்டமடைகின்றவர் ஆசிரியர் மாத்திரமல்லர், வாசகரும் நட்டமடைகின்றார். எந்த நூலை ஏன் படிக்கவேண்டும் என்பதை அவருக்கு எடுத்துரைப்பார் இலர்.

அண்மையில் நான் படித்த நான்கு நூல்களைப் பற்றி இங்கே என் கருத்தைச் சொல்ல விழைகின்றேன். நான்கும் புதியவை அல்ல. ஒன்று 1960ஆம் ஆண்டில் வெளிவந்தது; மற்றவை அதனைத் தொடர்ந்த காலத்தன. எனினும், நான்கும் ஒரே பொருளைத் தலைப்பிலே தாங்கி நிற்பவை. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’, கே. டானியலின் ‘தண்ணீர்’, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’, கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ என்பன அவை. இரண்டு ஈழத்தவை, இரண்டு தமிழகத்தவை. இந்நான்கையும் ஒரு வரிசையில் வைத்துப் படிக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உண்டானதற்குக் காரணம் நான் வாழும் இடமே.

கீரிமலையை அறியாத யாழ்ப்பாணத்தார் இலர். ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் தீர்க்க வருவோரும், நகுலேஸ்வரப் பெருமானைத் தரிசிக்க வருவோரும், நோய் தீர நீராட வருவோரும் ஆகக் குடாநாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் இங்கே வந்து கூடுகின்றனர். கீரி முகம் நீங்கப்பெற்ற முனிவரின் கதையும், குதிரை முகம் நீங்கப்பெற்ற மாருதப்பிரவீகவல்லியின் கதையும் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. ஆனால் இவற்றினும் வியப்பான செய்தி ஒன்று நம் கண்முன்னே நாளும் நிகழ்கின்றது. உப்புக் கடலின் அலை வந்து மோதும் கரையிலே, அக்கடலுக்குச் சில அடி தூரத்திலே, நன்னீர் ஊற்றெடுத்துக் கேணியை நிரப்பிப் பின் கடலிற் சென்று கலக்கின்றது.

இதன் காரணம் நிலத்தின் அடியிலே உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த நிலம். வற்றாத ஆறு ஒன்றும் இங்கே இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறே நாம் ஆறென்று சொல்லிக்கொள்ளக்கூடியது. பெய்த மழை கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி நிலத்தடியிலே தேங்குகின்றது. நன்னீர் கனம் குறைந்தது. உப்புநீர் கனம் மிக்கது. ஆதலின் மழைநீர், கீழேயுள்ள கடல்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உப்புநீரும் இருப்பது இதனாலேதான். அந்த நன்னீர் கடலை நோக்கிக் கசிந்து வெளிப்படும் வாயில்களுள் ஒன்றே கீரிமலை ஊற்று. ஆக, குடாநாட்டார் பெரும்பாலாரும் உண்பதும் பருகுவதும் இம்மிதக்கும் நீரையே. தெல்லிப்பழையில் அள்ளினாலும் சுன்னாகத்தில் அள்ளினாலும் நாம் ஒரே பாத்திரத்திலிருந்துதான் அள்ளுகின்றோம்.

ஒரே பாத்திரத்து நீர் இது. ஆனால் அதனை அள்ளும் கைகளை நாம் வேறுபடுத்தி வைத்திருந்தோம். இந்த முரண்பாடே ஈழத்து நூல்கள் இரண்டுக்கும் பொருள்.

ஜீவாவின் தொகுதி

‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வெளிவந்த சிறுகதைத் தொகுதி. இலங்கைச் சாகித்திய மண்டலத்தின் பரிசைப் பெற்ற முதலாவது தமிழ்ச் சிறுகதைத் தொகுதி என்னும் பெருமை இதற்குண்டு. யாழ்ப்பாண நகரிலே சவரக்கடை ஒன்றில் தொழில் செய்துகொண்டே எழுதிய ஒருவர் இப்பரிசைப் பெற்றார் என்பது அக்காலத்திலே பலருக்கு உவப்பாயும் சிலருக்குக் கசப்பாயும் இருந்தது. இத்தகைய எழுத்துக்களில் வந்த பேச்சுவழக்கைச் சுட்டி ‘இழிசனர் இலக்கியம்’ என்று பண்டிதர் சிலர் ஒதுக்க முனைந்ததும், அதன் பயனாய் மரபு பற்றிய பெரு விவாதம் மூண்டதும் அறுபதுகளின் இலக்கிய வரலாறு. அவ்விவாதத்தில் வென்றவர் யார் என்பதை, அதே மனிதர் 1966இல் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திய ‘மல்லிகை’ என்னும் சஞ்சிகையே சொல்லும். ஜீவா 2021இல் மறைந்தார்.

இன்று இத்தொகுதியைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியவற்றைச் சொல்லுகின்றேன். கதைகளின் கட்டுக்கோப்பு சில இடங்களிலே தளர்ந்திருக்கின்றது. வாசகர் தாமே உணர்ந்துகொள்ளக்கூடியதை ஆசிரியர் விரல்நீட்டிக் காட்டிவிடுகின்றார். ஆனால் இக்குறைகளையெல்லாம் மீறி நிற்பது ஒன்றுண்டு. அது கோபத்திலும் குன்றாத கனிவு. தாழ்த்தப்பட்ட மனிதனை இரங்கத்தக்க பொருளாக அவர் காட்டவில்லை. தொழில் தெரிந்த, மானமுள்ள, சிரிக்கவும் தெரிந்த மனிதனாகக் காட்டுகின்றார். அவருக்கு முன்னர் எழுதிய பலரிடம் இரக்கம் இருந்தது. ஜீவாவிடம் உறவு இருந்தது. இரக்கம் எட்ட நின்று பார்ப்பது; உறவு பக்கத்திலிருந்து பேசுவது.

டானியலின் நாவல்

கே. டானியல் 1986 மார்ச் மாதத்திலே தஞ்சாவூரிலே காலமானார். ‘தண்ணீர்’ நாவல் அவர் மறைவின் பின் வெளிவந்தது. 1972இல் வந்த ‘பஞ்சமர்’ நாவலிலே தேநீர்க்கடைக்கும் கோயிலுக்கும் நுழைவதற்கு நிகழ்ந்த போராட்டங்களை எழுதிய அவர், இந்நாவலிலே கிணற்றடிக்கு வருகின்றார். நன்னீர்க் கிணற்றில் உரிமையற்ற மக்கள் அந்நீரைப் பெறுவதற்குப் பட்ட பாடே கதை.

இளைய வாசகருக்கு ஒன்றை விளக்கவேண்டும். கிணற்றிலே நீர் அள்ளக்கூடாது என்பது எளிய தடைபோலத் தோன்றும். அதன் நடைமுறை என்ன? குடத்தைக் கிணற்றடிக்கு வெளியே வைத்துவிட்டுக் காத்திருத்தல். உரிமையுள்ள ஒருவர் தம் வேலை முடிந்து, மனமும் வந்து, தாமே அள்ளி ஊற்றும்வரை காத்திருத்தல். நீர் கிடைக்காமற் போகாது. ஆனால் கிடைக்கும் நேரமும் அளவும் பிறர் கையில். ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் ஒரு சமூகம் முழுவதும் தான் கீழ் என்பதை மீண்டும் மீண்டும் செய்து காட்டவேண்டியிருந்தது. சாதியைச் சட்டநூலும் புராணமும் காத்தன என்பார்கள். எனக்கோ அதனைக் காத்தது இந்தக் காத்திருப்பே என்று படுகின்றது.

டானியல் இதனை நன்கு அறிந்தவர். அவருடைய பலம் தகவலிலே இருக்கின்றது. எந்தத் தொழில் செய்பவர் எந்த வாசலிலே நிற்பர், எந்தச் சொல்லால் அழைப்பர், எந்தச் சொல்லால் அழைக்கப்படுவர் என்பவற்றை அவர் அளவுக்கு எழுதி வைத்தவர் வேறிலர். அவருடைய பலவீனமும் அங்கேதான் தொடங்குகின்றது. பாத்திரங்கள் திரள் திரளாக வருகின்றனர். அவர்களுள் பலரின் அகம் நமக்குத் திறக்கப்படுவதில்லை. எதிர்த்தரப்பார் ஒரே நிறத்தினராய் இருக்கின்றனர். அநீதி செய்கின்றவன் தன்னை நல்லவன் என்று நம்பிக்கொண்டே அதனைச் செய்கிறான் என்பதுதான் யாழ்ப்பாணத்துச் சாதியின் ஆழமான உண்மை. தேவாரம் ஓதிவிட்டு, தானமும் செய்துவிட்டு, கிணற்றடியிலே ஒரு குடத்தைத் தள்ளி வைக்கச் சொல்லும் மனிதனின் மனம் டானியலில் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிச் சொல்வதனால் அவர் நாவல்கள் வெறும் ஆவணங்கள் என்று ஒதுக்கும் கூட்டத்தாரோடு நான் சேரவில்லை. கீரிமலைக்கு மிக அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலிலே 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற்றது. சாதி காரணமாக ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே நிறைவேற்றப்பட்டிருந்தது; பதினொரு ஆண்டுகளின் பின்னும் வாசல் திறக்கவில்லை. அதனைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலார் பேச்சை மாற்றிவிடுவர். ஊர் மறக்க விரும்பியதை எழுதி வைத்தவன் கலைஞனா, ஆவணக்காரனா என்று தீர்ப்புக் கூறுமுன், அவன் எழுதியிராவிட்டால் நமக்கு என்ன எஞ்சியிருக்கும் என்பதையும் எண்ணவேண்டும்.

தமிழகத்து இரு நூல்கள்

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ எழுபதுகளின் தொடக்கத்தில் ‘கணையாழி’யிலே தொடராக வந்தது. சென்னை நகரின் தெரு ஒன்று. அடித்தால் காற்று மட்டும் வரும் குழாய்கள். குடத்தோடு அலையும் பெண்கள். சினிமா ஆசையாலே ஏமாற்றப்பட்ட ஜமுனா, அவள் தங்கை சாயா, நோயாளிக் கணவனோடு வாழும் டீச்சரம்மா ஆகிய மூவருமே இந்நாவலின் உயிர். எங்கும் குரல் உயர்வதில்லை. தன் துயரத்தைச் சொல்லி அழவந்த ஜமுனாவுக்கு டீச்சரம்மா தன் வாழ்வைப் பற்றிச் சில சொற்களிலே கூறும் பகுதி, தமிழிலே நான் படித்த மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. ஆறுதல் என்ற பெயரிலே அங்கே ஒன்றும் சொல்லப்படவில்லை; ஆனால் ஜமுனா எழுந்து நிற்கின்றாள்.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ 1980இல் மேடையேறிய நாடகம். 1981இல் கே. பாலசந்தரின் இயக்கத்திலே திரைப்படமாகவும் வந்தது. அத்திப்பட்டி என்னும் வறண்ட கிராமம். மனுக் கொடுத்துச் சலித்த மக்கள். வெளியூரிலிருந்து வந்து மாட்டு வண்டியிலே நீர் கொணரும் வெள்ளைச்சாமி. ஊரார் தம் கையாலேயே கால்வாய் வெட்ட முனையும்போது சட்டம் வந்து தடுக்கின்றது. மேடைக்குரிய வேகமும் நையாண்டியும் இதிலே நிறைந்துள்ளன. ஆயினும், வாசிப்பிலே பாத்திரங்கள் சில வேளைகளில் மேடைப் பேச்சாளர்களாகி விடுகின்றனர். பார்ப்பதற்கு எழுதியதைப் படித்துக் குறைகூறுவது முறையன்று என்பதையும் ஒப்புக்கொள்ளுகின்றேன்.

இப்போது நான்கையும் ஒருங்கே நோக்குவோம். தமிழகத்து நூல்களிலே நீர் இல்லை. அல்லது இருந்தும் அரசு தரவில்லை. சென்னைத் தெருவிலே எல்லோரும் ஒன்றாகத் தவிக்கின்றனர். அத்திப்பட்டியிலே ஊர் முழுவதும் ஒன்றாக அதிகாரத்தோடு மோதுகின்றது. ஈழத்து நூல்களிலே நீர் தாராளமாக இருக்கின்றது. கிணறு நிறைந்திருக்கின்றது; கயிறும் வாளியும் இருக்கின்றன. இல்லாதது அனுமதி ஒன்றே. வறட்சியைக் குறித்து எழுதுவது எளிது. வானத்தை நோகலாம், அரசை நோகலாம். நிறைந்த கிணற்றடியிலே நிகழும் தாகத்தைக் குறித்து எழுதினால், நோகவேண்டியவர் அயல் வீட்டிலேயே இருக்கின்றார்; சில வேளைகளிலே நம் வீட்டிலும் இருக்கின்றார். ஜீவாவும் டானியலும் சந்தித்த எதிர்ப்பின் காரணம் அவர்களுடைய மொழிநடையன்று, இதுவே.

இரண்டு மறுப்புகள்

இக்கருத்தை நான் எனக்குப் பழக்கமான சிலரிடம் கூறினேன். இரண்டு மறுப்புகள் வந்தன. இரண்டும் என் சிந்தனையைத் தூண்டியவை.

முதலாவது, உயர்தர வகுப்பிலே தமிழ் படிக்கும் மாணவன் ஒருவனுடையது. “சேர், இப்ப எல்லா வீட்டிலயும் குழாய்க்கிணறும் மோட்டரும் இருக்கு. ஆரும் ஆரிட்டையும் தண்ணி கேட்டு நிக்கிறேல்லை. உந்தக் கதையள் இனி ஆருக்கு?” என்று கேட்டான். அவன் கேள்வியிலே பாதி நியாயம் உண்டு. கிணற்றடித் தடை தளர்ந்ததிலே போராட்டத்துக்கு உள்ள பங்கைப்போல மோட்டருக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அவன் வீட்டு மோட்டர் அயலானின் வீட்டோடு அவனுக்குள்ள உறவைச் சீர்செய்யவில்லை, தேவையில்லாமற் செய்துவிட்டது. கேட்கவேண்டிய அவசியம் போயிற்று. கொடுக்கும் மனம் வந்ததா என்பது சோதிக்கப்படவேயில்லை. அந்தச் சோதனையைச் செய்வதற்குத்தான் இந்நூல்கள் இன்றும் வேண்டும்.

இரண்டாவது, ஆசிரியை ஒருவருடையது. நான்கிலும் சிறந்தது அசோகமித்திரனின் நூலே என்பது அவர் தீர்ப்பு. “தண்ணீர் அள்ளுவது பெண்கள் வேலை. ஆனால் நம் நாவல்களில் தண்ணீருக்காகப் பேசுகிறவர்கள் ஆண்கள். குடத்தின் பாரம் தெரிந்தவர் அசோகமித்திரன் ஒருவரே” என்றார். கலையழகு பற்றிய அவர் தீர்ப்பை நான் ஏற்கின்றேன். குடத்தோடு காத்து நின்றவளின் மனத்துக்குள்ளே புகுந்து எழுதிய ஈழத்து நாவல் நமக்கு இன்னும் தேவை என்பதையும் ஏற்கின்றேன். ஆனால் சிறந்த நூல் எது என்பதும், நமக்கு வேண்டிய நூல் எது என்பதும் எப்போதும் ஒரே கேள்விகளல்ல. ஜமுனாவின் தெரு என்னை நெகிழச் செய்தது. டானியலின் கிணற்றடி என்னை உறங்கவிடவில்லை.

எழுதப்படாதவை

இந்நூல்களைப் படித்து முடித்தபின் என் மனத்திலே நின்றது, எழுதப்படாத இரண்டு நூல்களின் வெறுமை.

1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் யுத்தத்தினால் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். அவ்வாண்டிலே நகுலேஸ்வரமும் குண்டுவீச்சுக்கு ஆளாகிச் சிதைந்தது. ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடங்கின. பெரும் பகுதிகள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்படும்வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாகவும் மக்கள் வெளியே இருந்தனர். கீரிமலையின் ஊற்று வழமைபோல நிறைந்து கடலிலே கலந்துகொண்டிருந்தது. அதற்குரிய மக்களோ மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் பிறர் கிணற்றடியிலே வாளியோடு நின்றனர். ஒரு காலத்திலே பிறர் குடத்துக்கு நீர் ஊற்றியவரும், குடத்தை ஏந்தி நின்றவரும் அப்போது ஒரே வரிசையிலே நின்றனர். காணியும் பணமும் உடையவர் பலர் மெல்ல வேறிடம் சென்றனர்; காணியற்றோர் பலர் முகாம்களிலேயே நெடுங்காலம் தங்கினர். அந்த வரிசையிலே நின்றபோது பழைய கிணற்றடி யாருக்காவது நினைவு வந்ததா? வந்திருந்தால் அவர் என்ன எண்ணினார்? டானியல் உயிரோடிருந்தால் இதனை எழுதாமல் விட்டிருக்கமாட்டார் என்று நம்புகின்றேன்.

மற்றொன்று நீரைப் பற்றியதே. செம்பாட்டுத் தோட்டங்களிலே அளவின்றி இட்ட உரம் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்பினூடே இறங்கி நைத்திரேற்றாக நம் கிணறுகளிலே சேர்ந்துள்ளது. குடிநீரிலே லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையை வலிகாமத்துக் கிணறுகள் பல தாண்டியுள்ளன. சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளிலே எண்ணெய் கலந்த விவகாரம் நாட்டின் உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019இலே 2 கோடி ரூபா இழப்பீட்டுத் தீர்ப்போடு முடிந்தது. ஒரே பாத்திரத்து நீர் என்று மேலே சொன்னேன். அன்று அதனை நாம் நம்பவில்லை. ஆதலின் கைகளைப் பிரித்தோம். இன்று நஞ்சு சாதி பார்க்காமல் அப்பாத்திரம் முழுவதும் பரவி, அது ஒன்றே என்பதை மெய்ப்பித்துக்கொண்டிருக்கின்றது. இதற்கு மேலான நாவற்பொருள் வேறென்ன வேண்டும்?

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதன்பின் இடப்பெயர்வுகளிலே வீட்டு அலுமாரிகள் வெறுமையாயின. ஆயினும், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தின் வாயிலாக ஈழத்துப் பழைய நூல்கள் ஆயிரக்கணக்கில் இன்று செலவின்றிக் கிடைக்கின்றன. நூல் கிடைக்கவில்லை என்ற காரணம் இனிச் செல்லாது. இந்நான்கில் ஒன்றையாவது வகுப்பிலே படியுங்கள். படித்தபின், வீட்டிலுள்ள முதியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் இளமையிலே நம் கிணற்றிலே யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது? கிடைக்கும் விடையை, அவர் பேசிய சொல்லிலேயே எழுதி வையுங்கள். விடை சொல்லக்கூடிய தலைமுறை குறைந்துகொண்டே போகின்றது. எழுதப்படாத அந்த நாவலின் முதற் பக்கம் உங்கள் பாடசாலைக் கொப்பியிலேயே தொடங்கக்கூடும்.